நூமுக்கு இரண்டாவது சாட்சி

பெர்கனில் "நூம்" என்ற சொல் தெரியாதவர்கள் இப்போது யாரும் இல்லை. துறைமுகத்தை ஒட்டி அந்தப் பெயரிலேயே ஒரு காப்பிக்கடை இருக்கிறது. குவளையில் அச்சடித்து விற்கிறார்கள். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் மாமா எழுந்து நின்று அந்த ஒரு சொல்லை வைத்தே கால் மணி நேரம் பேசி, சமையல்காரர் வரைக்கும் எல்லாரையும் அழ வைத்துவிட்டாராம். கடலுக்குப் போனவன் என்றைக்காவது திரும்புவான் என்று சாப்பாட்டு மேசையில் அவனுக்காக விட்டுவைக்கிற இடம். அதுதான் நூம். மேற்குக் கரைத் தீவுக்காரர்களின் பழைய சொல், வேறெந்த மொழியிலும் இதற்கு ஈடு கிடையாது என்று பத்திரிகைகள் வருஷத்துக்கு ஒரு தடவை எழுதிவிடும். ஒரு சொல்லைப் பற்றி இப்படி யாராவது உருகினால் கையைச் சட்டைப்பைமேல் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

ராக்னி அந்தக் குவளையில் காப்பி குடிக்க மாட்டாள். வட்டார வழக்கு அகராதி அலுவலகத்தில் நாற்பத்து மூன்று வருஷமாக இருக்கிறாள், கிறிஸ்துமஸோடு ஓய்வு. அலுவலகத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு நூம் குவளை கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள். அதில் பென்சில்களைப் போட்டு, எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாருமே ஒவ்வொரு விதத்தில் கொஞ்சம் கிறுக்குத்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ராக்னியின் நெஞ்சு குறுகுறுக்க ஆரம்பித்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை. வழக்கம்போல மழை. பக்கத்து மேசை ஐவிந்த், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை ஒரு கையிலும் ஒரு கடிதத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

"ராக்னி, உனக்கு ஒரு ரசிகர் வர்றாரு. வயசு எழுபத்தொம்போது. உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு. ரொட்டித் தூள் எல்லாம் சீட்டு மேல விழுது."

"கேளு. ருஸ்தோய்த் தீவுலேர்ந்து எழுதியிருக்காரு. பேரு ஓஸ்முன்." அவன் சத்தமாகப் படித்தான். "உங்கள் அகராதியில் நூம் என்ற சொல்லுக்குக் கீழே இருக்கும் வாக்கியம் என் அம்மா தோரா சொன்னது. என் அக்கா குன்வோர் ஏப்ரலில் காலமானாள். அம்மாவுக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே கல் நடுகிறேன். அம்மாவின் வாக்கியத்தை அதில் வெட்டச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வெட்ட ஆரம்பிக்கிறார்கள். அதற்குமுன் அம்மா பேசியதை எழுதிய சீட்டை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை வருகிறேன். ஐந்து மணிப் படகில் திரும்பிவிடுவேன்." ஐவிந்த் கடிதத்தை மடித்தான். "எனக்கே தொண்டைய அடைக்குது. நாம தூசி தட்டுறதுக்கும் ஒரு அர்த்தம் இருக்குன்னு தெரியுதில்ல? சரி, அந்தப் பயணத்தோட நோட்டுப் புத்தகம் எங்க? கணினியில ஏத்தணும்னு ஆறு மாசமா கேக்கறேன்."

"வீட்டுல எங்கேயோ இருக்கு."

"எங்கேயோன்னா?"

"எங்கேயோன்னா எங்கேயோதான்."

எங்கே என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். படுக்கையறை அலமாரியில், மேசைவிரிப்புகளுக்கு அடியில்.

அந்தக் கதை இப்படி. ராக்னிக்கு இருபத்து நாலு வயது. அகராதி அலுவலகத்தில் தற்காலிக வேலை. அப்போது அங்கே தலைவர் பேராசிரியர் ஹல்வார். நல்ல மனிதர், ஆனால் ஒரு சொல் பிடித்துப்போய்விட்டால் சாப்பாடு தூக்கம் எல்லாம் மறந்துவிடுகிற ரகம். அவருக்குப் பிடித்துப்போன சொல் நூம். என்றோ செத்துப்போன ஒரு பள்ளி ஆசிரியர் வடக்குத் தீவு ஒன்றிலிருந்து அனுப்பிய ஒரே ஒரு சீட்டில் அது இருந்தது. அந்த ஆசிரியருக்குக் கவிதை எழுதும் பழக்கமும் உண்டு என்பதை ஹல்வார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. அதன் நடுவில் நூம். அதிலிருந்து நாலாபக்கமும் கோடுகள். ஜெர்மன்காரன் "எடு" என்பதற்குச் சொல்வது நேமன். நம் பழைய நார்ஸ் மொழியில் அதுவே நேமா. ஆங்கிலேயன் கை மரத்துப்போனால் நம் என்கிறான். உணர்ச்சி எடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கிரேக்கனிடம் போனால் அதே வேர் பங்கு பிரித்துக் கொடுப்பது என்று ஆகிறது. தப்புச் செய்தவனுக்கு அவன் பங்கைத் தேடிவந்து கொடுக்கிற நெமிசிஸ் என்ற பெண்தெய்வத்தின் பெயரும் அதில் பிறந்ததுதான். எடுத்தது, ஒதுக்கியது, பங்கு. அப்படியானால் மேசையில் ஒதுக்கிவைத்த பங்குதான் நூம்!

"சின்னச் சொல்லு, ராக்னி," என்பார். "மூச்சு விடுற நேரத்துல சொல்லிடலாம். உள்ள மூவாயிரம் வருஷம் உக்காந்திருக்கு."

ஆனால் ஒரு சொல் அகராதியில் ஏற வேண்டுமானால் இரண்டு சாட்சி வேண்டும். இரண்டு ஊர், இரண்டு வாய். இந்த விதியைப் போட்டவரே ஹல்வார்தான், ஆகவே அவரால் மீற முடியாது. இன்னொரு விதி: தேடிப்போகிற சொல்லை நாம் வாயால் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் மரியாதைக்காக "ஆமாமா, நாங்களும் அப்படித்தான் சொல்வோம்" என்று தலையாட்டிவிடுவார். சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும், சொல் தானாக வர வேண்டும்.

"ரெண்டாவது சாட்சியைக் கொண்டா. உன் வேலை நிரந்தரம். நான் பாத்துக்கறேன்," என்று அனுப்பிவைத்தார்.

அக்டோபரில் மூன்று வாரம். ராக்னி பதினொரு தீவுகளுக்குப் போனாள். நாற்பது சமையலறைகளில் உட்கார்ந்து நாற்பது விதக் காப்பி குடித்தாள், வயிறு கெட்டதுதான் மிச்சம். மேசையில் ஒருத்தர் வராமல் காலியாக இருக்கும் இடத்தை என்ன சொல்வீர்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். "காலி இடம்னு சொல்வோம்," என்றார்கள். "வேற என்ன சொல்றது?" ருஸ்தோயில் தோரா என்ற எழுபத்தோரு வயதுப் பெண்மணி காப்பி கொடுத்து இரண்டே இரண்டு பதில் சொல்லி, படகு போய்விடும் கிளம்பு என்று அனுப்பிவிட்டாள். எல்லாம் நோட்டில் இருக்கிறது. நோட்டில் இல்லாதது நூம் ஒன்றுதான்.

திரும்பி வந்து, "இன்னும் எழுதி முடிக்கலை, பாத்துச் சொல்றேன்," என்று நாளைக் கடத்தினாள். ஜனவரியில் செய்தித்தாளின் மரண அறிவிப்புகளில் தோராவின் பெயரைப் பார்த்தாள். பிப்ரவரியில் ஹல்வார் வாசலில் வந்து நின்று, "கட்டுரையை அச்சுக்குக் கேக்கறாங்க, ராக்னி. கிடைச்சுதா இல்லையா?" என்று கேட்டபோது, "கிடைச்சுது," என்று அவள் வாய் சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து எழுதினாள். சொல்: நூம். இடம்: ருஸ்தோய், 1979. பேசியவர்: தோரா, 71. வாக்கியம்: "தினமும் சாயங்காலம் அவனுக்கு நூம் விட்டுவைக்கிறேன், வந்தால் உட்காரட்டும்."

செத்தவளைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. உயிரோடு இருப்பவரிடம் யாராவது மறுபடி போய்க் கேட்டுவிடலாம். செத்தவரிடம் யார் கேட்பது? அந்த "அவன்" யார் என்பதும் தற்செயல் இல்லை. தோராவுக்குத் தொலைந்துபோன ஒரு மகன் உண்டு என்று தீவில் ராக்னி கேள்விப்பட்டிருந்தாள். பாவம், அந்தத் தாயின் வாயில் ஒரு நல்ல வார்த்தையாவது இருக்கட்டுமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திருடன் உண்டியலில் நாலு காசு போடுவது மாதிரி.

வேலை நிரந்தரமானது. ஹல்வாரின் கட்டுரையைப் பலரும் பாராட்டினார்கள். அவர் நிம்மதியாக ஓய்வு பெற்று, நிம்மதியாகச் செத்தும் போனார். தொண்ணூற்றாறில் அகராதியின் அந்தப் பகுதி வெளிவந்தது. எங்கோ ஒரு நூலகத்தில் தூங்கப்போகிற புத்தகம்தானே என்று ராக்னி நினைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், யாரும் அந்தச் சோற்றைத் தொடாதவரைக்கும்.

மூன்றாவது மாதமே குன்வோர் என்ற பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. ருஸ்தோயில் அந்த வயதில் அந்த வருஷம் தோரா என்ற பெயரில் இருந்தது என் அம்மா ஒருத்திதான். என் தம்பியைப் பற்றி அம்மா பதினெட்டு வருஷம், சாகும்வரைக்கும் பேச்சே எடுத்ததில்லை. உண்மையிலேயே உங்களிடம் இதைச் சொன்னாளா?

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. ராக்னி நான்கு முறை எழுதிக் கிழித்தாள். ஐந்தாவது முறை எழுதியதைத் தபாலில் போட்டாள். "ஆமாம், சொன்னார். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்." அந்த ஜன்னலை யார் கேட்டார்கள்? பொய் சொல்கிறவர்களுக்கு எப்போதும் கை கொஞ்சம் தாராளம்தான்.

அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியமும் இல்லை.

புதன்கிழமை எல்லாரும் போனபிறகு ராக்னி இழுப்பறையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தாள். கிழித்துப் போட்டுவிட்டு, காணோம் என்று சொல்லிவிடலாம். சீட்டு காணாமல் போவது உலகத்தில் நடக்காததா? இரண்டு கைகளாலும் பிடித்தாள். முடியவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக ஒரு சீட்டின் மூலைகூட மடங்காமல் பார்த்துக்கொண்ட கை. ஊருக்கே பொய் சொல்லத் தெரிந்த கைக்கு ஒரு காகிதத்தைக் கிழிக்கத் தெரியவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். போய், மேசைவிரிப்புகளுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துப் பையில் வைத்தாள். கொடுப்பதற்கா, மறுபடி ஒளிப்பதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஓஸ்முன் வந்தார். உயரமான ஆள், கொஞ்சம் கூன். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்த தட்டை ரொட்டி ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"நானே சுட்டது. அக்கா சொல்லிக் குடுத்தா. மோசமா இருந்தா அவளைத் திட்டு, அவளுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது," என்று சிரித்தார். "நீதான் ராக்னியா? இவ்வளவு சின்னவளா இருப்பேன்னு நினைக்கலை."

"அறுபத்தேழு ஆகுது."

"அதான் சொல்றேன். சின்னப் பொண்ணு."

ஐவிந்த் ஏற்கெனவே சீட்டை எடுத்து மேசையில் ஒரு துணிமேல் வைத்திருந்தான். ஓஸ்முன் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சீட்டைத் தொடவில்லை, கைகளை முழங்காலில் துடைத்துக்கொண்டு குனிந்து படித்தார், உதடு அசைய. இரண்டாவது தடவையும் படித்தார்.

"அப்பா கடலுக்குப் போன அன்னிக்கு நான் தூங்கிட்டு இருந்தேன்," என்றார். ராக்னி எதுவும் கேட்டிருக்கவில்லை. "முந்தின நாள் பக்கத்துத் தீவுல ஆட்டம் பாட்டம். விடிய விடியக் குடிச்சிட்டு வந்தேன். அப்பா ரெண்டு தடவை எழுப்பியிருக்காரு. நான் எழுந்திரிக்கலை. தனியாப் போனாரு. படகு மட்டும் கிடைச்சுது. எனக்குப் பதினெட்டு வயசு. அம்மா திட்டலை, அழலை, ஒரு வார்த்தை பேசலை. என் நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் ஆட்டுக் கொட்டாயில போட்டா. அவ்வளவுதான். நானும் கிளம்பிட்டேன்."

"எங்க போனீங்க?" ராக்னியின் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"ரோட்டர்டாம். துறைமுகத்துல கிரேன் ஓட்டினேன், முப்பத்தஞ்சு வருஷம். அங்கதான் செத்திருப்பேன். அக்கா கடுதாசி போட்டா. உள்ள உன் கடுதாசியையும் வச்சிருந்தா." பர்ஸிலிருந்து மடிப்புகளில் கிழிந்து ஒட்டுப்போட்ட ஒரு தாளை எடுத்தார். ராக்னி தன் கையெழுத்தைப் பார்த்தாள். "ரெண்டே வாரத்துல வீட்டை ஒழிச்சுக் குடுத்துட்டு வந்துட்டேன். தீனா வரலை. பதினேழு வருஷம் என்கூட இருந்தவ. செத்துப்போன அம்மாவுக்காக உயிரோட இருக்கற என்னை விட்டுட்டுப் போறியான்னு கேட்டா. நியாயமான கேள்விதான். என்ன சொல்றது? எனக்கு ஒரு எடம் விட்டு வச்சிருக்காங்கடின்னு சொன்னேன்."

அந்த நேரம் பார்த்து ஐவிந்த் ஒரு தட்டில் காப்பி கொண்டுவந்தான். இரண்டு நூம் குவளைகள். "உங்கம்மா சொல்லுலயே காப்பி!" என்று பெருமையாக வைத்துவிட்டுப் போனான். ஓஸ்முன் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சட்டைப்பையிலிருந்து கல்லின் வரைபடத்தை எடுத்து சீட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். மேலே இரண்டு பெயர்கள். கீழே அந்த வாக்கியம், பென்சிலில்.

"கிரானைட்டு," என்றார். "வெட்டினா வெட்டினதுதான். அதான் ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ராக்னியால் தாங்க முடிந்ததெல்லாம் காகிதத்தோடு முடிந்துவிட்டது. கல்லில் ஏற்ற முடியாது.

"ஓஸ்முன், அதை வெட்ட வேண்டாம். இது உங்கம்மா சொன்னது இல்ல. நான் எழுதினது."

"நீதான் எழுதினே. தெரியுமே. உன் கையெழுத்து."

"அப்படி இல்ல. அவங்க சொல்லவே இல்ல. நானே சொந்தமா யோசிச்சு எழுதினேன். அந்தச் சொல்லுக்கு இன்னொருத்தர் சொன்னதா ஒரு சீட்டு வேண்டியிருந்துச்சு. எனக்கு வேலை வேண்டியிருந்துச்சு. உங்கம்மா செத்துட்டாங்கன்னு பேப்பர்ல பாத்தேன். அதனால அவங்க பேரைப் போட்டேன்."

ஓஸ்முன் அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பக்கத்து அறையில் யாரோ தொலைபேசியில் சிரித்தார்கள்.

"ஜன்னலு?" என்று கேட்டார்.

"அதுவும் பொய்தான்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "அந்தச் சமையலறையில கடலைப் பாத்த ஜன்னலு ஒண்ணுதான். நான் திரும்பி வந்தப்போ அதுல பலகை அடிச்சிருந்துச்சு. பழைய பலகை, ஆணியெல்லாம் துரு. அப்பா போன வருஷமே அம்மா அடிச்சிருக்கணும். முதல் நாளே பாத்தேன். பாத்துட்டு, அப்புறமா யாரோ அடிச்சிருப்பாங்கன்னு நானே சொல்லிக்கிட்டேன். இருபத்தஞ்சு வருஷமா தினம் அந்தப் பலகைக்கு முன்னாடிதான் சாப்பிடறேன்." வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு ஒழுங்காக விழவில்லை. பிரித்து மறுபடி மடித்தார். "தெரிஞ்சுதான் இருந்துச்சு போலிருக்கு."

"என்னை மன்னிச்சிருங்கன்னு கேக்கறதுக்குக் கூட எனக்கு..."

"கேக்காதே. நான் ஏமாந்தது பரவாயில்லை. எங்கம்மா பிடிவாதக்காரி. ஒரு வார்த்தை சொல்லாம இருக்கணும்னு பதினெட்டு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இருந்து செத்தா. நீ நாலு நிமிஷத்துல சொல்ல வச்சிட்டே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் ராக்னிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீ அவளைப் பாத்ததாவது நிஜமா?"

"பாத்தேன். அது நிஜம். காப்பி குடுத்தாங்க."

"அப்போ நிஜமா என்ன சொன்னா?"

ராக்னி பையைப் பிடித்துக்கொண்டாள். "அது வேண்டாம், ஓஸ்முன்."

"என்ன சொன்னா?"

ஏதாவது சாதாரணமாகச் சொல்லிவிடலாம். மழையைப் பற்றிப் பேசினாள், மீன் விலையைப் பற்றிப் பேசினாள் என்று. அவள் மனசு அந்த நிமிஷத்திலும் ஒரு நல்ல வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தது. அது தெரிந்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"யோசிக்காதே," என்றார் ஓஸ்முன். "நீ யோசிச்சா எனக்கு பயமா இருக்கு. எழுதி வச்சிருக்கியா? வச்சிருந்தா படி."

நோட்டை எடுத்தாள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. தானாகவே அங்கே திறந்துகொண்டது. குவளைகளை எடுத்துப்போக வந்த ஐவிந்த் வாசலிலேயே நின்றுவிட்டான். ராக்னி அவனைப் பார்த்தாள், நிறுத்தவில்லை.

"கேள்வி: மேசையில் வராதவருக்கு விடுகிற இடத்துக்கு என்ன பெயர்? பதில்: வராதவனுக்கு எடம் என்னாத்துக்கு?" அவள் அடுத்த வரிக்குப் போனாள். "அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு புகைப்படம், பெண்குழந்தை ஒன்று, ஆண்குழந்தை ஒன்று. உங்கள் பிள்ளைகளா என்று கேட்டேன். பதில்: அவ என் பொண்ணு. பக்கத்துல நிக்கறது யாரோ. படகு போயிடும், கிளம்பு."

ஓஸ்முனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று ராக்னி பயந்துபோய்ப் பார்த்தாள். சிரிப்புத்தான், பாதி.

"என்னாத்துக்கு," என்றார். "ஆமா. இது அவதான். அறுபது வருஷத்துக்கு அப்புறம் அம்மா பேச்சைக் கேக்கறேன்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உள்ளங்கையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, எதையோ அப்போதுதான் கேட்டவர் மாதிரி நிமிர்ந்தார். "என்ன சொன்னே? படமா?"

"ஆமா."

"எந்தப் படம்? ரெண்டு பேரும் படகுத் துறையில நிக்கற படமா? நான் தொப்பி போட்டுட்டு?"

"தொப்பி ஞாபகம் இல்ல. ரெண்டு குழந்தைங்க நின்னாங்க. தண்ணி இருந்துச்சு."

"சுவத்துல மாட்டியிருந்துச்சா? எழுபத்தொம்போதாம் வருஷத்துல?"

"அடுப்புக்கு மேல. தினம் பாக்கற எடத்துல." ராக்னிக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம் தெரிந்த மாதிரி இருந்தது. முன்னால் சாய்ந்தாள். "ஓஸ்முன், நாற்காலியைத் தூக்கிப் போட்டவங்க, ஜன்னலை அடைச்சவங்க, படத்தை எடுக்கலை. யாரோன்னு சொன்னாங்க, ஆனா எடுக்கலை. இது நிஜம். நான் கண்ணால பாத்தேன்."

"நான் வந்தப்போ அந்தச் சுவரு காலி. ஆணி அடிச்ச தடம் கூட இல்ல, அக்கா வெள்ளை அடிச்சிருந்தா." நோட்டை அவள் கையிலிருந்து வாங்கினார். அந்த வரியின்மேல் விரலை வைத்தார், எழுத்து எழுத்தாக நகர்த்தினார். விரல் வரியின் கடைசிக்கு வந்து நின்றது. அங்கேயே இருந்தது.

"இதையும் நீதானே எழுதினே," என்றார்.

"ஓஸ்முன்..."

"எப்ப எழுதினே? அன்னிக்கா? நேத்து ராத்திரியா?"

"அன்னிக்கு. அந்தப் படகுல உக்காந்து. சத்தியமா."

"சத்தியமா." அவர் அந்தச் சொல்லை மெல்லத் திருப்பிச் சொன்னார்.

"யாரோன்னு சொன்னதை மட்டும் நம்பறீங்களே. அதுவும் இதே பக்கத்துலதானே இருக்கு?"

"கெட்டதைப் பொய்யா எழுத யாரும் மெனக்கெட மாட்டாங்க. நல்லதைத்தான் எழுதுவாங்க. நீ அப்படித்தானே எழுதினே?" நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். "நம்பணும்னுதான் இருக்கு, ராக்னி. போன தடவையும் அப்படித்தான் இருந்துச்சு."

அவர் எழுந்து ஈரக் கோட்டை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு கை உள்ளே போகவில்லை. ஐவிந்த் ஓடிவந்து பிடித்துவிட்டான். ரொட்டி டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கடிதத்தையும் மேசையிலேயே விட்டுவிட்டார். கல்லில் இரண்டு பெயரும் வருஷங்களும் மட்டும் போதும், சாயங்காலமே சொல்லிவிடுவேன் என்று ஐவிந்திடம் சொன்னார், அவன்தான் கல்வெட்டுகிற ஆள் என்பதுபோல.

ராக்னி நாற்காலியிலிருந்து எழவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் சொன்ன ஒரே உண்மை அது. அதைக் கேட்டுத்தான் நம்ப முடியாமல் ஒரு மனிதர் படியிறங்கப் போகிறார்.

"வேற யாருக்காவது தெரிஞ்சிருக்கும்," என்றாள். "அந்த வீட்டுக்கு வந்துபோன யாராவது. படத்தைப் பாத்தவங்க. நான் தேடறேன். ஒவ்வொரு தீவா போய்க் கேக்கறேன்."

"எங்க வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்க. வந்துபோனவ ஒருத்திதான். வெள்ளை அடிச்சவளும் அவதான், அந்தப் படத்தைக் கழட்டினவளும் அவளாத்தான் இருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆமா இல்லன்னு சொல்லியிருப்பா. கேக்கணும்னு எனக்குத் தெரியலை. உனக்குத் தெரியும்." ஓஸ்முன் தொப்பியைப் போட்டுக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா ஏப்ரல் வரைக்கும் இருந்தா, ராக்னி."